'மற்றும் பலர்' என்ற பெயரில் நடித்தவரின் மகள் எழுதும் மடல்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா உங்கள் படங்களில் நடித்தவர். கதாநாயகனின் தந்தையாகவோ வில்லனாகவோ அல்ல. தந்தி கொண்டுவரும் தபால்காரர், பஞ்சாயத்தில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் பெரியவர், பெண் பார்க்க வந்தவர்கள் பக்கம் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைக்கும் சித்தப்பா, கோயில் மடப்பள்ளிக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டைப் பிசைந்துகொண்டு நிற்பவர். 1984 முதல் 31 வருடம் இப்படி நடித்தார். இந்தத் தை மாதம் காலமானார்.

அன்று மாலை உள்ளூர் நிருபர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "என்னென்ன படங்கள்? பெயர் சொன்னால் செய்தியில் சேர்த்துவிடலாம்" என்று கேட்டார். அம்மாவும் தம்பியும் நானும் யோசித்து யோசித்துச் சொன்னோம். 14 படங்களுக்கு மேல் எங்களால் சொல்ல முடியவில்லை. மறுநாள் செய்தியில் "சில திரைப்படங்களில் நடித்துள்ளார்" என்று வந்தது.

அப்பாவின் டைரிகளில் 63 படங்களுக்கான குறிப்புகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் படத்தின் பெயரே கிடையாது. 'புரொடக்‌ஷன் நம்பர் 2', 'மீசைக்கார டைரக்டர் படம்', 'திருவையாறு படித்துறை, இரண்டு நாள்' என்றுதான் எழுதி வைத்திருக்கிறார். அவர் நடித்துவிட்டு வரும்போது அந்தப் படங்களுக்குப் பெயர் வைக்கப்பட்டிருக்கவில்லை. பெயர் வைத்த பிறகு அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. தான் நடித்த படத்தின் பெயர் தெரியாமல் ஒரு நடிகர் செத்துப்போயிருக்கிறார் என்பதை அந்த டைரிகளைப் புரட்டிய பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன். அதனால்தான் இந்த மடல்.

இது ஒரு நாளில் வந்த வருத்தம் அல்ல. சில வருடங்களுக்கு முன், நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகைக்கு அப்பாவை விண்ணப்பிக்கச் செய்து, நானே அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். நடித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஒரு படத்தின் குறுந்தகட்டையும், அதில் அவர் வரும் இடத்தைக் குறித்த சீட்டையும் கொடுத்தேன். அங்கிருந்தவர் கணினியில் போட்டுப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், இவர்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு டைட்டிலுக்கு ஓட்டினார். கதாநாயகன் பெயர் தனியாக, கதாநாயகி பெயர் தனியாக, அடுத்து ஆறு ஆறு பெயர்களாக மூன்று அட்டைகள். கடைசியில் 'மற்றும் பலர்'.

"பெயர் எங்கே இருக்கிறது, ஐயா?" என்றார் அவர்.

அப்பா அந்தக் கடைசி வரியைச் சுட்டிக்காட்டினார். "அதில் இருக்கிறேன்" என்றார்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குக் காகிதத்தில் பெயர் வேண்டும். அந்தப் பெயரை எழுதியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு நாடக நோட்டீஸ் இருக்கிறது. ரோஸ் நிறத் தாள். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப்போட்டது. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குப் போட்ட அரிச்சந்திரா நாடகம். அப்பாவுக்கு அப்போது 19 வயது. அந்த நோட்டீஸில் அரிச்சந்திரன் யார், சந்திரமதி யார், லோகிதாசன் யார், விசுவாமித்திரர் யார் என்று வேடத்தின் பெயர் இடப்பக்கமும் நடிப்பவர் பெயர் வலப்பக்கமுமாக வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள். காலகண்டர் வீட்டில் ஒரே ஒரு காட்சியில் தர்ப்பை அறுக்கப் போகும் பையன்களுக்குக்கூட வரி உண்டு. ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் தாளக் கருவிகள் வாசித்தவர்கள், சீன் படுதாக்களை வாடகைக்குக் கொடுத்தவர், பெட்ரோமாக்ஸ் விளக்குக்காரர் வரை பெயர் இருக்கிறது. 'நட்சத்திரேசன்' என்பதற்கு நேராக என் அப்பாவின் பெயர். கடன் பாக்கியைக் கேட்டு அரிச்சந்திரனைக் காடு முழுக்கத் துரத்தி வதைக்கும் அந்தத் தரகன் வேடம்தான் அவருடைய முதல் பார்ட்.

அந்த நோட்டீஸை அச்சடித்தவர்கள் கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும். வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் வசூலித்து நடத்திய நாடகம் அது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது, நட்சத்திரேசன் இல்லாமல் அரிச்சந்திரன் உண்மையைக் காப்பாற்றியதை ஊருக்குக் காட்ட முடியாது என்று. வதைப்பவன் சரியாக வதைத்தால்தான் தாங்குபவன் தாங்குவது தெரியும். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களிலும் இந்த வழக்கம் இருந்தது. கதைச்சுருக்கத்தை எழுதி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்களே, அவற்றிலேதான். நடிகர் பெயரோடு அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கும். சில்லறைக் காசுக்கு விற்ற அந்தப் புத்தகங்களில் இருந்த மரியாதை கோடிக்கணக்கில் செலவழிக்கும் படங்களில் எப்படிக் காணாமல் போனது என்று எனக்குப் புரியவில்லை.

அப்பாவின் வேலை என்ன என்பதை நீங்கள் மறந்திருக்கலாம் என்பதால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். தந்தி வந்து தாய் இறந்த செய்தி தெரியும் காட்சி. அப்பாதான் தபால்காரர். வசனம் கிடையாது. ஒரு நாள் கால்ஷீட். அந்த ஒரு நாளுக்காக அவர் எங்கள் ஊர்த் தபால்காரரோடு நான்கு நாள் சுற்றினார். சைக்கிளை எந்தக் காலால் ஸ்டாண்டு போடுகிறார், கடிதம் என்றால் வாசலிலிருந்து எப்படிக் கூப்பிடுகிறார், சாவுத் தந்தி என்றால் எப்படிக் கூப்பிடுகிறார் என்று பார்த்தார். சாவுத் தந்தி என்றால் அவர் மணியடிப்பதில்லையாம். சைக்கிளையும் உள்ளே கொண்டுவராமல் வேலியோரம் சாய்த்துவிட்டு நடந்து வருவாராம். அப்பா அதையே செய்தார். ஸ்டாண்டு போடாமல் சைக்கிளைச் சாய்த்தார், தாளைக் கொடுத்தார், அரை அடி பின்னால் நகர்ந்தார், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொள்ளத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். கதாநாயகன் தாளைப் பிரிப்பதற்கு முன்பே கொட்டகையில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். நான் அம்மாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தேன். தந்தியே 2013 ஜூலையோடு நின்றுபோய்விட்டது. தந்தி கொண்டுவந்தவர் எப்படி நின்றார் என்று ஒரு பிள்ளை இனிமேல் பார்க்க வேண்டுமென்றால், என் அப்பா நின்றதைத்தான் பார்க்க வேண்டும்.

"பக்கத்தில் நிற்பவன் அழுகிறவரின் முகத்தைப் பார்க்கக்கூடாது, பாப்பா. அவர் கையில் இருப்பதைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் வேடிக்கை பார்ப்பவனாகிவிடுவான். கையைப் பார்த்தால் சொந்தக்காரனாகிவிடுவான்" என்று சொல்வார். சஜஷன் ஷாட்டில் தன் தோள் மட்டும்தான் தெரியும் என்றாலும் எதிரே நிற்பவருக்காக முழு முகத்தோடு நடிப்பார். தோளும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பார். இதையெல்லாம் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. விடிய விடிய நாடகத்தில், எண்ணெய்ப் புகைக்கு நடுவே, அரிச்சந்திரன் பாடும்போது அசையாமல் நின்று கற்றுக்கொண்டது.

அவருடைய பிழைப்பு நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதுவது. சம்பா அறுவடையின்போது லீவு கிடைக்காது. தை, மாசியில் ஏஜென்டிடமிருந்து சொல்லி வந்தால் போக முடியாமல் இரவெல்லாம் தூங்க மாட்டார். மற்ற மாதங்களில் வேலை முடிந்து, கும்பகோணம் போய், திருவள்ளுவர் பஸ் பிடித்து, விடிகாலையில் சென்னையில் இறங்கி, கோடம்பாக்கத்தில் பொதுக்குழாயில் முகம் கழுவிக்கொண்டு போய் நிற்பார். சில நாள் ஷூட்டிங் ரத்தாகியிருக்கும். பேட்டாவும் இருக்காது. அதே இரவு திரும்பிவிடுவார். ஒரு படத்துக்குத் தாடி வளர்த்தவர், முன்பு எடுத்த காட்சியோடு தோற்றம் பொருந்த வேண்டும் என்ற கன்டினியூட்டிக்காக, அடுத்த அழைப்பு வரும் வரை ஏழு மாதம் மழிக்காமல் இருந்தார். அந்தத் தாடியோடுதான் என் தாய்மாமன் கல்யாணத்தில் நின்றார். எல்லோரும் யாருக்குத் துக்கம் என்று கேட்டார்கள். ஏழு மாதம் கழித்துக் கேட்டபோது அந்தக் காட்சியே எடிட்டிங்கில் போய்விட்டது என்றார்கள்.

எங்களுக்கு ஆறாமல் இருப்பது வேறு ஒன்று. ஒரு படத்தில் அவருக்கு இரண்டு பக்க வசனம். அப்படி வந்தது அது ஒன்றுதான். ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது என்று சொன்னால் மிகையில்லை. இரண்டு டிராக்டர் நிறைய ஆட்கள் கும்பகோணத்துக்குப் போனோம். அப்பா திரையில் வந்தார், வாயைத் திறந்தார், வேறு ஒருவருடைய குரல் வந்தது. கொட்டகையில் எங்கள் வரிசை முழுக்கச் சத்தமே இல்லை. டப்பிங்குக்கு அவரைக் கூப்பிட்ட நாளில் ஆலையில் அறுவடை நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது, போக முடியவில்லை. யாரையோ வைத்துப் பேசவைத்துவிட்டார்கள். நான் அழுதேன். அப்பா என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நன்றாகத்தான் பேசியிருக்கிறார். யார் என்று தெரிந்தால் ஒரு கார்டு எழுதிப் போடலாம்." யார் என்று தெரியவில்லை. அந்தக் குரலுக்கும் டைட்டிலில் பெயர் இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லாத மண் இது. 1937இல் மன்னார்குடியில் பிறந்த மனோரமா ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸில் இடம்பெற்றார். அதே மன்னார்குடியில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து நடிக்க வந்த ராஜேஷ் 2025 மே 29 அன்று மறைந்தபோது அப்பா நாள் முழுக்கப் பேசவில்லை. காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்து கே.ஏ. தங்கவேலு 1936இல் 'சதி லீலாவதி'யில் நடிக்க வந்தார். அதே படத்தில் சிறு வேடத்தில் அறிமுகமான எம்.ஜி.ஆர். 1947இல் 'ராஜகுமாரி' வரும் வரை கதாநாயகனாகக் காத்திருந்தார். பதினொரு வருடம் பின்வரிசையில் நின்றவர் அவர். மாயவரத்துப் பக்கம் புஞ்சை கிராமத்தில் பிறந்த ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கே உடம்பைப் பழக்கிக்கொண்ட பசுபதியையும் குரு சோமசுந்தரத்தையும் இன்று நீங்கள் தேடிப்போய் அழைக்கிறீர்கள். 'தில்லானா மோகனாம்பாள்' எங்கள் பக்கத்து ஊர்களான சிக்கலையும் திருவாரூரையும் தன் பாத்திரங்களின் பெயரிலேயே சுமந்த படம். 1968இல் வந்த அந்தப் படத்தைப் பற்றி இன்றைக்கும் எங்கள் டீக்கடையில் பேச்சு வந்தால் முதலில் வருவது துணைப் பாத்திரங்களான வைத்தியும் ஜில் ஜில் ரமாமணியும் தவில்காரரும்தான்.

நாட்டின் தேசிய விருதுகள் 1954இல் தொடங்கின. துணை நடிகருக்கென்று ஒரு விருது வைக்க 30 வருடம் ஆயிற்று. 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அது முதலில் வழங்கப்பட்டது. அப்பா முதன்முதலாகக் கேமராவுக்கு முன் நின்ற வருடம். 2025 ஆகஸ்டில் அந்த விருது 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்கு அறிவிக்கப்பட்டது. பல வருடங்கள் முகம் தெரியாமல் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர். விருதுப் பட்டியலில் அவருடைய முழுப்பெயர் இருந்தது: முத்துப்பேட்டை சோமு பாஸ்கர். அப்பாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. என்னைப் படிக்கச் சொன்னார். "முத்துப்பேட்டையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து அந்த ரோஸ் நோட்டீஸை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

விருது எல்லோருக்கும் வராது. அதை நான் கேட்கவும் இல்லை. நான் கேட்பது பெயர். படத்தின் முடிவில், வேடத்துக்கு நேராக நடித்தவரின் பெயர். 'தபால்காரர்' என்று ஒரு பக்கம், அவர் பெயர் மறுபக்கம். 'பஞ்சாயத்தில் மூன்றாமவர்' என்று போட்டாலும் போதும். ஒரு நாள் வந்தவருக்கும் போடுங்கள். அரை நாள் வந்தவருக்கும் போடுங்கள். வசனம் இல்லாதவருக்கும் போடுங்கள். குரல் கொடுத்தவர் வேறு என்றால் அவர் பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள்.

அத்தனை பேரின் பெயர் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்க முடியாது. சம்பளம் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் வவுச்சரில் கையெழுத்து வாங்குகிறீர்கள். உங்கள் உதவி இயக்குநர்கள் யார் எந்தக் காட்சியில், எந்தச் சட்டையில் நின்றார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குக்காகப் பத்திரப்படுத்தும் பெயரைத் திரைக்குக் கொண்டுபோவது ஒரு நாள் தட்டச்சு வேலை. நேரமில்லை என்றும் சொல்ல முடியாது. படம் தொடங்கும் முன் நன்றி அட்டைகள் எத்தனை ஓடுகின்றன! கிராபிக்ஸ் செய்தவர்களின் பெயர்கள் படம் முடிந்த பிறகு நீளமாக ஓடுகின்றன. அது சரியானது, அவர்கள் உழைப்பு. அந்த வரிசையில் முகத்தைக் கொடுத்தவர்களுக்கும் இடம் வையுங்கள். புதிதாக வந்திருக்கும் சில இயக்குநர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்கள் படத்தின் கடைசி எழுத்து ஓடி முடியும் வரை நான் எழுந்திருப்பதில்லை.

இன்னொன்றும் வேண்டும். படத்துக்குப் பெயர் முடிவானதும், நடித்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயரையும் அவர் ஏற்ற வேடத்தையும் எழுதி, கம்பெனி முத்திரையோடு ஒரு சீட்டு அனுப்புங்கள். குறுஞ்செய்தியாக அனுப்பினாலும் சரி, ஆனால் சீட்டாக இருந்தால் நல்லது. உதவித்தொகைக்கோ சங்கத்தில் உறுப்பினராவதற்கோ போகும்போது அந்த மனிதர் குறுந்தகட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தொலைக்காட்சிக்கும் இணையத் தளங்களுக்கும் படத்தைக் கொடுக்கும்போது, கடைசிப் பெயர்களைப் பாதியில் வெட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். ஒரு வரிதான்.

இனி வரும் படங்களுக்கு நீங்கள் செய்யலாம். வந்து முடிந்த படங்களுக்கு என்ன செய்வது என்று அப்பா போன பிறகு நாங்கள் யோசித்தோம். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து அம்மாவும் நானும் ஒவ்வொரு ராத்திரியும் பழைய படங்களைப் போட்டுப் பார்க்கிறோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் எடுத்த படங்கள் என்றால் கட்டாயம் பார்க்கிறோம். அப்பாவைத் தேடித்தான் தொடங்கினோம். ஆனால் அம்மா மற்றவர்களையும் அடையாளம் காட்டுகிறார். "நிறுத்து, அந்த மாட்டுக்காரர் ஆலங்குடி நாடகத்தில் சந்திரமதி வேடம் போட்டவர்" என்கிறார். "இந்தக் கிழவி பாபநாசத்துக்காரி, ஒப்பாரி பாட வந்தவள், மூன்று படத்தில் இருக்கிறாள்" என்கிறார். நான் படத்தின் பெயர், மணி, நிமிடம், வேடம், நடித்தவர் பெயர் என்று கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். தெரியாத பெயர்களை அந்தந்த ஊருக்குப் போய்க் கேட்டு எழுதுகிறேன். இறந்தவர்கள் என்றால் பிள்ளைகள் சொல்கிறார்கள். 'புரொடக்‌ஷன் நம்பர் 2' எந்தப் படம் என்று போன வாரம் கண்டுபிடித்தோம். பந்தலில் இலை போடுபவர் என் அப்பா.

இதுவரை 41 படங்கள், 187 பெயர்கள் ஆகியிருக்கின்றன. இந்தப் படங்களின் உரிமை உங்களில் பலரிடம் இருக்கிறது. பழைய படங்களைத் துலக்கி மறுபடி வெளியிடும் காலம் இது. அப்படி வெளியிடும்போது கடைசியில் இந்தப் பெயர்களைச் சேர்க்க முடியும். நோட்டைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தபால்காரராக நடித்தவரின் மகள்,
வலங்கைமான் அருகிலிருந்து